முதல்ல எதிர்க்கிறவங்க கை தூக்குங்க

எங்கள் உப்பளத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதிர்க்கட்சி என்றுதான் சொல்வார்கள். "எதிர்க்கட்சி வந்துட்டாரா? என்ஜின் சத்தமே காணம்?" என்பார் மேஸ்திரி. அவர் சம்சாரம்கூட "எங்கூட்டு எதிர்க்கட்சி இன்னும் துன்னல" என்றுதான் சொல்லும். நானும் அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே எவனாவது ஒருவன் அதைப் பேனரில் அடித்து, பக்கத்தில் தன் மூஞ்சியைப் பெரிதாகப் போட்டுக்கொள்வான்.

நான் மரக்காணத்தில் உப்புச் சுமந்தவள். பிறகு கட்சிக்கு வந்தேன். ஆளுங்கட்சி இல்லை. நான் இருந்த கட்சி ஒருமுறை தப்பித்தவறி ஆட்சிக்கு வந்தது. அந்த வருஷமே அதை விட்டு வெளியே வந்துவிட்டேன். "உனக்கு இன்னாதாம்மா வேணும்?" என்று கேட்டார்கள். அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. இன்றைக்கும் உண்டு. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உப்பங்கழியிலிருந்து பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் ஏற்றும் ஆயில் என்ஜின் அவர் பொறுப்பு. காலையில் ஹேண்டிலை மாட்டி வலது கையால் ஒரு சுழற்று சுழற்றுவார். என்ஜின் இருமிக்கொண்டு எழும். அதன் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. நாம் சொல்வது விழாது. அவர் சொல்வது அடுத்த அளம் வரைக்கும் கேட்கும். ரகசியம் பேசுவது என்பது அந்த ஆளால் முடியாத காரியம்.

அதனால்தானோ என்னவோ, எதற்கெடுத்தாலும் கையைத் தூக்கச் சொல்வார். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால், "இன்னொரு டீ குடிக்கலாமா? முதல்ல எதிர்க்கிறவங்க கை தூக்குங்க" என்பார். எப்போதும் எதிர்ப்பவர்கள்தான் முதலில். ஆதரிப்பவர்களைப் பிறகு கேட்பார், சில சமயம் கேட்காமலே விட்டுவிடுவார். எதிர்த்துக் கை தூக்கியவன் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். அவன் சொல்லி முடிக்கும்வரை டீ வராது. கடைக்காரன் தலையில் அடித்துக்கொள்வான்.

"ஏன்ணே, ஒரு டீக்கு இம்மாம் அக்கப்போரா?"

"எதிர்த்துப் பேச ஒரு ஆள் இல்லன்னா அது கூட்டம் இல்லப்பா. பாடை தூக்கிட்டுப் போறப்பதான் எல்லாரும் ஒரே பக்கமா நடப்பாங்க."

அவருடைய நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றப்போகும் நேரத்தில் எழுந்து நின்று, "இந்தக் கல்யாணத்துல யாருக்காச்சும் எதிர்ப்பு இருக்குதா?" என்று கத்தியிருக்கிறார். பெண்ணின் தாய்மாமனுக்கு இருந்தது. அதுவரை அந்த ஆள் வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டதும் பழைய வழக்கு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலையில் முடிய வேண்டிய நிச்சயம் பொழுது சாயும்வரை இழுத்தது. சமைத்த சோறு புளித்துப்போனது. பெண் வீட்டார் இவர் வீட்டாரைத் திட்ட, இவர் வீட்டார் இவரைத் திட்ட, இவர் மட்டும் அந்தத் தாய்மாமனுக்கு மோர் கொடுத்து, "நீ சொல்லு மாமா, இன்னும் இன்னா பாக்கி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். இதை அவர் சம்சாரம் என்னிடம் சொல்லிச் சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு, "அன்னிக்கே புரிஞ்சுபோச்சு, இந்த ஆளோட ஊர்ல ஒருநாளும் நிம்மதியா வாழ முடியாதுன்னு" என்றது.

சிரிக்க முடியாத கதையும் ஒன்று உண்டு. ஒரு சித்திரை மாதம். பாத்திகளில் உப்பு கட்டிக்கொண்டிருந்தது, இன்னும் கல்லாக முற்றவில்லை. மேற்கே வானம் கறுத்தது. இப்போதே வாரினால் பொடி உப்பு, தரம் மட்டம். இரண்டு நாள் விட்டால் நல்ல கல் உப்பு. மழை வந்தால் ஒன்றும் மிஞ்சாது. இந்த மாதிரி நேரத்தில் மேஸ்திரி சொல்வதுதான் முடிவு. அன்று மேஸ்திரி ஊரில் இல்லை. எங்கள் ஆள் என்ஜினை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறினார்.

"வாரலாமா, விடலாமா? நாமளே முடிவு பண்ணுவோம். வாரக்கூடாதுங்கிறவங்க முதல்ல தூக்குங்க."

முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். வாரிக் குவித்த உப்புக்குத்தான் கூலி. கல் உப்பு என்றால் குவியல் பெரிதாகும். எல்லோருக்கும் ஆசை. நான் தூக்கவில்லை. "இன்னிக்கே வாரிடலாம்ணே, காத்து மாறிப்போச்சு" என்றேன். கேட்டுக்கொண்டார். கை எண்ணிக்கைப்படி விட்டுவிடுவது என்று முடிவானது. அன்று சாயங்காலமே மழை கொட்டியது. பாத்திகள் எல்லாம் குளம். பலகையைப் போட்டு இழுத்தால் சேறுதான் வந்தது.

மறுநாள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஓட்டு போட்டு உப்பக் கரைச்ச மகராசன்" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். கைதூக்கியவர்களே அதிகமாகத் திட்டினார்கள். அவர் நின்று வாங்கிக்கொண்டார். கடைசியில் சொன்னார்: "மேஸ்திரி சொல்லி எத்தினி வாட்டி கரைஞ்சிருக்குது? அப்ப யாரையாச்சும் திட்டினீங்களா? இது நாம எடுத்த முடிவு. தப்பு. அடுத்த வாட்டி நாமதான் சரியா எடுக்கணும்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அடுத்த வாட்டி வரைக்கும் அடுப்புல இன்னாத்த வெக்கறது?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்து, "அப்டி கேளு!" என்றார். இந்த ஆளிடம் சண்டை போடவும் முடியாது. திட்டினால் சந்தோஷப்படுகிற மனிதனை என்ன செய்வது?

இனி கேணிக்கு வருகிறேன்.

அளத்துக்கும் கடற்கரை மணல்மேட்டுக்கும் நடுவில் ஒரு நல்ல தண்ணீர்க் கேணி இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு. நடுவில் அந்தத் தண்ணீர் மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். அளத்தில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் குடிக்க அதுதான். பக்கத்துக் குப்பத்துப் பெண்களும் அங்கேதான் வருவார்கள். அது ஊர்ப் பொது நிலம். அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி அந்த நிலத்தையும் சேர்த்துப் புதுப் பாத்தி கட்ட ஆசைப்பட்டார். கேணியை மூடமாட்டேன், சுற்றித்தான் பாத்தி போடுவேன் என்றார். சுற்றி உப்புத்தண்ணீர் நின்றால் கேணி என்ன ஆகும் என்று உப்பில் வேலை செய்பவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு கோடை போதும்.

சென்னையில் ஆட்சியைக் கலைத்திருந்த நேரம் அது. எமர்ஜென்சி. அதுவரைக்கும் அது எங்களுக்கு ரேடியோவில் வருகிற வார்த்தை. ஆட்சி போன பிறகுதான் ஜீப்புகள் எங்கள் பக்கமும் வர ஆரம்பித்தன. இவரும் டெல்லியை எதிர்த்த ஒரு சின்னக் கட்சியில்தான் இருந்தார். அந்தக் கட்சிக்காரர்கள் பலர் தாடி வளர்த்துக்கொண்டு காணாமல் போனார்கள். இவர் காலையில் வழக்கம்போல ஹேண்டிலைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

கேணி விஷயத்தை விசாரிக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. கண்டிப்பான ஆள் என்று பேச்சு. முந்தின நாள் கடைத்தெருவில் மளிகைக்கடை பாய் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நானும் மண்ணெண்ணெய் வாங்க நின்றிருந்தேன்.

"அண்ணே, காலம் சரியில்ல. நாளைக்குக் கைய தூக்கச் சொல்லாதீங்க. ஆளுக்கொரு புளியங்கொட்ட குடுங்க. ரெண்டு பானை வைங்க, துணி போட்டு மூடி. பாத்தி வேணும்னா ஒண்ணுல, வேணாம்னா ஒண்ணுல போடட்டும். யார் போட்டாங்கன்னு அல்லாவுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

நல்ல யோசனை. நானும் "ஆமாண்ணே" என்றேன். இவர் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்: "ஒளிஞ்சு போடுற ஓட்ட டெல்லிக்குப் போட்டுக்கலாம் பாய். நம்ம கேணிக்கு நாம ஒளிஞ்சு போடணுமா? நாம குடிக்கிற தண்ணிக்கு மூஞ்சியக் காட்டலன்னா வேற எதுக்குக் காட்டப் போறோம்?"

பாய் கடைக் கதவில் ஒரு பலகையைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க, கேட்குது" என்றார்.

"கேட்கட்டும்!"

அதிகாரி கேணிக்கே வந்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணிய யார் யார் குடிக்கறீங்களோ அவங்க சொல்லுங்க" என்றார். தண்ணீர் இழுப்பது பெண்கள். அதனால் நாங்களும் அன்று கணக்கில் வந்துவிட்டோம். இவர் கேணிச் சுவரில் ஏறி நின்று, "புதுப் பாத்திய எதிர்க்கிறவங்க, முதல்ல கை தூக்குங்க!" என்றார்.

தூக்கினோம். குடத்தோடு நின்றவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தூக்கினாள். அத்தனை கையும் ஒன்றாகப் போனது. உப்பில் வெடித்த, விரலிடுக்கில் புண் பிடித்த கைகள். அந்தக் காட்சி நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அதிகாரி, "ஊர் ஒத்துக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் மேஸ்திரி ஓரமாக நின்று யார் யார் கை தூக்குகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுதிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. எல்லோரும் அவரிடம் வேலை செய்கிறவர்கள்தானே.

மறுநாள் காலை இவர் என்ஜினுக்கு ஹேண்டில் மாட்டும்போது ஜீப் வந்தது. அந்த ஹேண்டிலைக் கையிலிருந்து பிடுங்கிப் பாத்தியில் எறிந்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களுக்கு, "இன்னிக்கு வேலை இல்ல" என்றார் மேஸ்திரி. மறுநாளும் அதையே சொன்னார். அந்தப் பருவம் முழுக்கக் கை தூக்கிய யாருக்கும் வேலை இல்லை. நான் பக்கத்து ஊர் அனுமந்தைக்குப் போய் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்றேன். என் பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. வேறு சிலர் முதலாளி காலில் விழுந்து திரும்பப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புளியங்கொட்டை போட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? இதுதான் அவர் மேல் எனக்குள்ள கோபம். அவருக்குப் பயம் இல்லை, சரி. பயப்படுகிறவனுக்கும் ஓட்டு உண்டு என்பது அவருக்குக் கடைசிவரை புரியவே இல்லை.

தேர்தல் அறிவித்த பிறகுதான் அவரை விட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வலது கை தோளிலிருந்து தொங்கியது. உள்ளே என்ன செய்தார்கள் என்று அவர் சொன்னதில்லை. முழங்கை மடங்கும், விரல் அசையும். தோளுக்கு மேல் கை எழும்பாது. அவ்வளவுதான். என்ஜின் ஹேண்டிலை இனி அவரால் சுழற்ற முடியாது.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். மரியாதைக்குக்கூட நலம் விசாரிக்கவில்லை. "உங்களாலதான் எங்க பொழப்பு போச்சு" என்றேன். அவர் சம்சாரம் என்னை முறைத்தது.

இவர் காதருகே கையைக் குவித்து, "இன்னா சொன்ன?" என்றார்.

இன்னும் உரக்கச் சொன்னேன்.

"பரவால்ல" என்றார். "இன்னும் எதிர்த்துச் சொல்ல ஒரு ஆள் இருக்குது. உள்ள இருந்தப்ப எனக்கு அதான் பயம், திரும்பி வந்தா எல்லாரும் தலைய ஆட்டுவாங்களோன்னு." பிறகு மெதுவாக, அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான், "புள்ளைக்கு இன்னாம்மா, சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

தேர்தல் முடிவு வந்தபோது டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தது. இவர் பெஞ்சு மேல் ஏறி நின்றார். ஆனால் டெல்லியில் தோற்ற பக்கமே எங்கள் தொகுதியில் ஜெயித்திருந்தது. யாரோ அதைச் சொன்னார்கள். அவருக்குக் காதில் விழவில்லை. நான் கத்திச் சொன்னேன். "நெசமாவா?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்தார். "சரி. ஜனங்க போட்டாங்க. நாம எதிர்க்கட்சி. அவ்ளோதானே?" என்றார்.

அவ்வளவுதானா? அடுத்து நடந்தது அதைவிடக் கேவலம். டெல்லியில் எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆட்சிக்கு வந்தன அல்லவா, இவருடைய கட்சியும் அதில் கரைந்துபோனது. உப்பு விளையும் நிலத்தைக் குத்தகைக்கு விடுவது டெல்லி. டெல்லியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் கட்சியில் குத்தகை முதலாளியும் இருப்பார். பழைய கொடி இறங்கி, புதுக் கொடி அவர் வீட்டு வாசலில் ஏறியது. ஏற்றியவர் அதே மேஸ்திரி. ஆக, இவரை ஜெயிலுக்கு அனுப்பியவரும் இவரும் ஒரே கட்சி என்றாயிற்று. முதலாளி ஊர்க்கிளைத் தலைவர், இவர் உறுப்பினர்.

"வெளிய வந்துடுங்கண்ணே" என்றேன்.

"உள்ள ஒரு எதிர்ப்பு வேணாமா?" என்றார்.

தாலுகாவில் அந்தக் கண்டிப்பான அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர், ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். முதலாளி கூட்டம் போட்டார். பட்டப்பகலில், பந்தல் கட்டி, மைக் செட் வைத்து. ஊர்க்கூட்டம் என்றால் ஆண்கள் உட்காருவார்கள். நாங்கள் பின்னால் நிற்கலாம்.

முதலில் இவரை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் செத்த தோளின் மேலேயே போட்டார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"நம்ம அண்ணன் ஜனநாயகத்துக்காக ஜெயிலுக்குப் போன தியாகி. அவரு வழியிலதான் இனிமே இந்த ஊர்ல எல்லாம் நடக்கும். கேணிப் பக்கம் புதுப் பாத்தி வருது. நம்ம ஊரு ஆளுங்களுக்கு வேலை வருது. நான் எதையும் திணிக்கமாட்டேன். அண்ணன் சொல்ற மாதிரியே கேட்கிறேன். முதல்ல எதிர்க்கிறவங்க கை தூக்குங்க."

யாரும் அசையவில்லை. அன்று கேணிக்கரையில் தூக்கிய அத்தனை ஆண்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தன் கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். மேஸ்திரி ஓரமாக நின்று முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் இல்லை. ஜீப் இல்லை. தேவைப்படவில்லை.

மேடையில் இவர் வலது கையைத் தூக்கப் பார்த்தார். சால்வை நழுவியது. கை இடுப்பளவு வந்து நின்றது. மறுபடி முயன்றார். முகத்தில் வேர்வை. பிறகு இடது கையைத் தூக்கினார்.

முதலாளி பார்த்தார். மைக்கிலேயே சிரித்தார். "இன்னாண்ணே, பீச்சாங்கைய தூக்கறீங்க? நல்ல காரியம் நடக்கிற இடம்ணே இது."

கூட்டம் சிரித்தது. வேண்டுமென்று சிரித்தார்களா, சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று சிரித்தார்களா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதான்.

நான் பின்னாலிருந்து என் வலது கையைத் தூக்கினேன். "எதிர்ப்பு இங்க இருக்குது!" என்று கத்தினேன். என்னோடு கை தூக்க இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். மேஸ்திரி திரும்பி, "யம்மா, ஊர்க்கூட்டத்துல பொம்பளைங்க கை கணக்குல வராதும்மா. எறக்கு" என்றார். திட்டவில்லை, அதட்டவில்லை. வழக்கத்தைச் சொன்னார்.

ஏகமனதாக நிறைவேறியது என்று மைக்கில் சொன்னார்கள். கை தட்டினார்கள்.

அடுத்த கோடையில் கேணித் தண்ணீர் கரித்தது. அதற்கடுத்த கோடையில் அதில் வெந்த சோற்றைப் பிள்ளைகள் துப்பினார்கள். எமர்ஜென்சியில் பிழைத்துக்கொண்ட கேணி அது. அதன் பிறகு எங்கள் பெண்கள் வெகுதூரம் குடத்தோடு நடந்தார்கள். எத்தனையோ ஆட்சி மாறியது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவன் வந்து குழாய் போட்டுத்தருகிறேன் என்றான். அவனுக்கும் கை தட்டினார்கள். நான் இப்போதும் கூட்டங்களுக்குப் போகிறேன். ஏகமனதாக என்ற வார்த்தை கேட்டால் எழுந்து நிற்கிறேன். உட்காரச் சொல்கிறார்கள். ஒன்றும் மாறவில்லை. மாறும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பம் இல்லை.

அந்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மைக் செட்காரன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பந்தல்காரன் மூங்கிலை அவிழ்க்க வந்துவிட்டான். இவர் மட்டும் மேடையில் அதே இடத்தில், இடது கையைத் தூக்கியபடியே நின்றார்.

நான் கிட்டே போனேன். "எறக்குங்கண்ணே. கூட்டம் முடிஞ்சுபோச்சு."

காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கத்தினேன்.

"கேட்குது" என்றார். "இன்னும் எண்ணலையேம்மா."